பொன்னழகு தனக்குள்ளே எட்டிப் பார்த்த மூன்று நாள்

ஊத்துக்கரைப்பட்டியில் குடிநீர் மோட்டார் எரிந்துபோன எட்டாவது நாள், மேற்பார்வையாளர் பொன்னழகுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு கண்ணாடி வந்து சேர்ந்தது.

அவர் கேட்டிருந்தது வேறு. எரிந்த மோட்டாரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தூக்கிப் பம்ப் அறை வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்துவிட்டு, அதைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பி, கருகிய கம்பிச்சுருளை மாற்றிக் காயில் கட்டிக்கொண்டு வர அனுமதி கேட்டிருந்தார். இருபத்தாறு வருட சர்வீஸில் இதற்கெல்லாம் அவருடைய கையெழுத்தே போதுமானதாக இருந்தது. இந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்துதான் போதாமல் போனது.

அன்றைக்குத்தான் வட்டாரக் குடிநீர் நிர்வாகக் கழகம் தன் புகழ்பெற்ற சுற்றறிக்கையை வெளியிட்டது. தன்னைத் தானே உள்நோக்கிப் பார்க்காத அலுவலர் இடும் கையெழுத்தில் உண்மை இருக்காதாம். ஆகவே, அகநோக்குப் பயிற்சி முடித்து 'உண்மையான தலைவர்' என்று சான்று பெறாத எவரும் இனி எந்தக் கோப்பிலும் கையெழுத்திடக் கூடாது. இதன்பிறகு கழகத்தில் எந்த வேலையும் நடக்கவில்லை. அதற்கு முன்பும் பெரிதாக நடந்ததில்லை என்றாலும், இப்போது நடக்காமல் இருப்பதற்கு ஒரு தத்துவம் கிடைத்திருந்தது.

கண்ணாடிகள் பதவி வாரியாக வந்திருந்தன. பொறியாளர்களுக்குத் தலை முதல் கால் வரை தெரியும் நிலைக்கண்ணாடி. உதவிப் பொறியாளர்களுக்கு இடுப்பு வரை. மேற்பார்வையாளர்களுக்கு முகம் மட்டும், அதுவும் காதுகளை விட்டுவிட்டு. பொன்னழகின் கீழே வேலை பார்க்கும் ஒரே ஆளான பம்ப் ஆபரேட்டர் மொக்கைச்சாமிக்குக் கண்ணாடியே இல்லை. அவருக்குள் பார்ப்பதற்கு எதுவும் இருப்பதாகக் கழகம் கருதவில்லை.

பம்ப் அறைக்கு முன்னால் நாற்பது ஐம்பது குடங்கள் வரிசையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. வரிசையின் தலைமாட்டில் பேச்சாயி உட்கார்ந்திருந்தாள். பொன்னழகுக்கு மதினி முறை. கேலி பேசுவதற்குப் பிறப்புரிமை உள்ளவள்.

"என்ன கொழுந்தனாரே, மோட்டாரு வந்துருச்சா?"

"இல்ல மதினி. கண்ணாடி வந்துருக்கு."

"அதுல தண்ணி வருமா?"

"வராது. இதுல என்னய நானே பாத்துக்கிறணுமாம். நாளைலருந்து மூணு நாளு கொடைரோட்டுல பயிற்சி. அது முடிஞ்சாத்தேன் நான் கையெழுத்துப் போடலாம்."

"புதங்கெழம அம்மனுக்குப் பொங்கலு. வீட்டுக்குப் பத்துப் பேரு விருந்தாடி வருவாக. லாரித் தண்ணிக்காவது எழுதி விடப்பா."

"லாரிக்கும் கையெழுத்து வேணும் மதினி."

பேச்சாயி கண்ணாடியைக் கையில் வாங்கி, நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டு திருப்பிக் கொடுத்தாள். கழகம் வாங்கிய ஆயிரத்து இருநூறு கண்ணாடிகளால் அன்றைய தேதி வரை யாருக்காவது பயன் கிடைத்தது என்றால் அது பேச்சாயிக்குத்தான்.

பொன்னழகு சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மற்ற கோடையாக இருந்தால் ஊர்க்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு சின்னாளப்பட்டியிலோ திண்டுக்கல்லிலோ சொந்தக்காரர் வீட்டில் போய் இருந்துகொள்வார்கள். இப்போது அம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டினால் பொங்கல் முடியும் வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. நூற்று நாற்பது வீட்டுச் சனமும் தண்ணீர் இல்லாத ஊரில் மாட்டிக்கொண்டிருந்தது; போதாக்குறைக்கு விருந்தாளிகள் வேறு. பொன்னழகும் அதே ஊர்தான், அவர் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு இருந்தது. சொந்த ஊருக்குத் தண்ணீர் விட வக்கில்லாத தண்ணீர்க்காரன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவருக்கு அவமானமாக இருந்தது.

சான்று இல்லாமல் கையெழுத்துப் போட்டால் பணிநீக்கம் என்று சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஓய்வுபெற இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. மகள் ஜீவிதா கல்லூரியில் இரண்டாம் வருடம்தான் படிக்கிறாள். புதன்கிழமை மத்தியானம் சான்று வாங்கி, கையோடு கையெழுத்துப் போட்டாலும் மோட்டார் காயில் கட்டி இறங்க வெள்ளிக்கிழமை ஆகிவிடும். இந்தக் கணக்கை அவர் பத்துத் தடவை போட்டுப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு தடவையும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை கொடைரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்பத்திரண்டு அலுவலர்கள் கூடினார்கள். இது தங்கிப் பயிலும் முகாம். பொன்னழகு மணிக்கட்டைக் காட்டி, இரவில் ஊருக்குப் போக வேண்டும் என்று கண்காணிப்பாளர் செபாஸ்தியம்மாளிடம் கேட்டார். முப்பத்து மூன்று வருடம் விதிகளோடு குடித்தனம் நடத்திய அந்த அம்மாள் சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தார்.

"காப்புக் கட்டுனவங்க வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு இதுல இல்ல. இல்லாததுக்கு அனுமதி தேவையில்ல. ஆனா அனுமதி தேவையில்லன்னு ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போடணும். போட இங்க யாருக்கும் அதிகாரமில்ல. அதனால நான் உங்களப் பாக்கல, நீங்க போயிட்டு வாங்க."

இயக்குநர் அறிவுச்செல்வி முகாமைத் தொடங்கிவைத்துப் பேசினார். "முப்பது வருஷ சர்வீஸில் நான் யார் சொல்வதையும் கேட்டதில்லை. போன மாதம் முதன்முறையாக எனக்குள்ளே போய்க் கவனித்துக் கேட்டேன். அங்கேயும் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். என்ன தெளிவான பேச்சு. இப்படிப்பட்ட தலைமை கிடைக்க இந்தக் கழகம் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எனக்கே தோன்றியது. இதை நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்களா?"

நாற்பத்திரண்டு கைகள் எழுந்தன. அவற்றில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தவருடையது. இயக்குநர் குரல் கேள்வியாக முடிந்தால் கை தானாக எழும் அளவுக்கு அவருக்குச் சர்வீஸ் இருந்தது.

அடுத்துச் சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்றுநர் முகேஷ்குமார் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். அதில் தங்களுடைய குறை ஒன்றை நேர்மையாக எழுத வேண்டும். பொன்னழகு வெகுநேரம் யோசித்து, 'கோபம் வருகிறது' என்று எழுதினார். எட்டு நாளாக வந்துகொண்டிருந்தது, பொய் சொல்வானேன்.

முகேஷ்குமார் படிவத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கோபம் உங்களுக்குக் கிடையாது சார். அது உதவிப் பொறியாளருக்கு மேலேதான். அங்கீகரிச்ச குறைகள் பட்டியல் பின்பக்கம் இருக்கு, பாருங்க."

பின்பக்கம் இருந்தது. இயக்குநருக்கு 'அளவுக்கு மீறிய உழைப்பு'. பொறியாளர்களுக்கு 'அளவுக்கு மீறிய நேர்மை'. உதவிப் பொறியாளர்களுக்குக் கோபம். மேற்பார்வையாளர்களுக்கு மறதி, தயக்கம், தாழ்வு மனப்பான்மை ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று.

"சரி, மறதின்னு போட்டுக்கங்க சார்."

"எதை மறந்தீங்கன்னு ஓர் உதாரணம் சொல்லணும்."

பொன்னழகு யோசித்தார். எதை மறந்தோம் என்பது ஞாபகம் வரவில்லை என்றார். முகேஷ்குமார் நெகிழ்ந்துபோய்ப் பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டார்.

சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்கு வந்தால் குடங்களின் வரிசை கூடியிருந்தது. பேச்சாயி அதே இடத்தில்தான் இருந்தாள்.

"என்னப்பா, உள்ளுக்குள்ள பாத்தியா? என்ன தெரிஞ்சுச்சு?"

"எனக்கு மறதியாம் மதினி."

"யாரு சொன்னா? எங்க கலியாணத்துல உனக்குச் சோத்துக்கு வெஞ்சனம் வைக்கலைன்னு முப்பது வருசமாச் சொல்லிக்காட்டுறவன் நீயி. உனக்கா மறதி?" பேச்சாயி எழுந்து குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். "இங்க பாரு. மூணு நாளு உக்காந்து பாக்குற அளவுக்கெல்லாம் உனக்குள்ள ஒண்ணுமில்ல. நீ நல்லவன், பயந்தவன், அம்புட்டுத்தேன். ஊருக்கே தெரியும். இதுக்கு எதுக்குப் பஸ் ஏறிப் போற?"

பொன்னழகு பம்ப் அறைப் படியில் உட்கார்ந்தார். நல்லவன் என்றது காதில் விழவில்லை. பயந்தவன் என்றது நன்றாக விழுந்தது. அவருக்குக் கோபம் வந்தது, பதவிக்கு மீறிய கோபம். உடனே எழுந்து, "ஏலே மொக்கைச்சாமி, அந்த வேலை உத்தரவுப் புத்தகத்தை எடு" என்றார்.

"அண்ணே, நீங்க இன்னும் உண்மையான தலைவர் ஆகலயே" என்றார் மொக்கைச்சாமி. அவரும் சுற்றறிக்கை படித்திருந்தார்.

"ஆகல. எடு."

கையெழுத்துப் போடும்போது பெயரில் 'ழ' கொஞ்சம் கோணலாகப் போனது. மோட்டாரைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, திண்டுக்கல்லில் காயில் கட்டும் ஹஸ்ஸான் கடைக்கு அனுப்பினார்கள். ஹஸ்ஸானுக்குப் போன் போட்டு, இந்தக் கையெழுத்து செல்லாது, ஆனாலும் வேலையை முடித்துத் தர வேண்டும் என்று பொன்னழகு உள்ளதைச் சொல்லிவிட்டார். "நான் மோட்டாரத்தான் பாக்குறேன் சார், கையெழுத்த யாரு பாத்தா? நாளைக்குச் சாயங்காலம் ரெடியா இருக்கும்" என்றார் ஹஸ்ஸான்.

செவ்வாய்க்கிழமை பொன்னழகு குற்றவாளி போல முகாமில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மனக்காயப் பகிர்வு. சிறு வயதில் மனதைப் பாதித்த ஒரு சம்பவத்தை எல்லோர் முன்னிலும் சொல்லி அழ வேண்டும். முதலில் இயக்குநர் சொன்னார்: ஏழாம் வகுப்பில் அவருக்கு வகுப்புத் தலைவி பதவி கிடைக்காமல் போயிருக்கிறது. அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. அடுத்து எழுந்த உதவிப் பொறியாளர் ஜெரோம், விவரம் தெரியாமல், ஆறு வயதில் அம்மாவைப் பறிகொடுத்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

முகேஷ்குமார் அவசரமாக அவர் பக்கத்தில் போனார். "சார், கொஞ்சம் குறைச்சுக்கங்க. மேடத்தோட காயத்தைவிடப் பெரிசாப் போகுது."

ஜெரோம் திரும்பி இயக்குநர் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தனக்குப் பிடித்தமான பென்சில் ஒன்று தொலைந்துபோனதாகச் சொல்லி உட்கார்ந்தார். பொன்னழகின் முறை வந்தபோது, தனக்குச் சிறு வயதில் பென்சிலே இருந்ததில்லை என்றார். அதுவும் கொஞ்சம் பெரிய காயம்தான் என்றாலும், தாழ்வு மனப்பான்மை என்ற தலைப்பின் கீழ் அனுமதித்தார்கள்.

மத்தியானம் கீழ்நிலை ஊழியர்களின் ரகசியக் கருத்து வாசிக்கப்பட்டது. எழுதியவர் யாரென்று எக்காரணம் கொண்டும் வெளியே தெரியாது என்று முகேஷ்குமார் உறுதி கூறினார். பொன்னழகின் கீழே இருப்பது ஒரே ஆள். 'எங்கள் மேற்பார்வையாளர் தங்கமான மனிதர். நேற்று அவர் ஒரு தப்பும் செய்யவில்லை' என்று அந்த ரகசிய ஊழியர் எழுதியிருந்தார். தேநீர் இடைவேளையில் மொக்கைச்சாமி போன் செய்தார்.

"அண்ணே, நாந்தேன்னு தெரியாத மாதிரி எழுதிருக்கேன். சரியா இருக்கா?"

"நீ இனிமே எழுதாத அப்பு. மோட்டாரு என்னாச்சு?"

"காயில் கட்டிட்டாக. விடிய இறக்கிரலாம்ணே."

புதன்கிழமை நிறைவு விழா. கடைசிச் சடங்குக்கு 'உண்மை உரைத்தல்' என்று பெயர். ஒவ்வொருவரும் மேடையேறித் தன்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட்டுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ள வேண்டும். உண்மைகள் முந்தின நாளே சரிபார்க்கப்பட்டு, திருத்தப்பட்டு, தட்டச்சு செய்து கொடுக்கப்பட்டிருந்தன. பொன்னழகுக்குக் கொடுத்த உண்மை, 'இம்முகாமுக்கு முன் நான் இருளில் இருந்தேன்' என்பது.

அவர் மேடையேறிய நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மொக்கைச்சாமி ஒரு படம் அனுப்பியிருந்தார். குழாய்க்குக் கீழே பேச்சாயியின் குடம், அதில் செம்மண் நிறத்தில் தண்ணீர். பொன்னழகு படத்தைப் பார்த்தார், கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். பயம் இருந்தது, ஆனால் ஏனோ சிரிப்பும் வந்தது.

"எனக்குக் கொடுத்த உண்மை வேற, மேடம். என்கிட்ட ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லிர்றேன். திங்கக்கிழமை சாயங்காலம் சான்று இல்லாம நான் கையெழுத்துப் போட்டுட்டேன். மோட்டாரு சரியாகி இப்ப எங்க ஊருல தண்ணி வந்துக்கிட்டுருக்கு."

இயக்குநர் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"என் சர்வீஸில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அனுமதி கொடுத்தும் வேலை செய்யாதவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு விருதும் கொடுத்திருக்கிறேன். அனுமதி இல்லாமல் வேலை செய்த ஒருவரை இன்றுதான் பார்க்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது. எந்தக் கூச்சமும் இல்லாமல் இவர் இங்கே உண்மையைப் பேசுகிறார். உண்மை பேசும் முகாமில் இப்படி நடக்கலாமா? நாம் தேடியது இந்த மாதிரித் தலைவரைத்தானா?"

குரல் கேள்வியாக முடிந்தது. நாற்பத்தொரு பேரும் கை தூக்கினார்கள். முதலில் எழுந்தது தூங்கிக்கொண்டிருந்தவருடையது. மற்றவர்கள் அதைப் பார்த்துத் தூக்கினார்கள். ஜெரோம் மட்டும் நன்றாக யோசித்து, வேண்டுமென்றே இரண்டு கைகளையும் தூக்கினார்.

கண்காணிப்பாளர் செபாஸ்தியம்மாள் நிகழ்ச்சிக் குறிப்பில் எதையோ எழுதிவிட்டு மேடைக்கு வந்தார்.

"மேடம், இவரை இப்பவே பணிநீக்கம் செய்யலாம். பேரு மட்டும் எழுதாத உத்தரவு தயாரா இருக்கு. ஆனா சுற்றறிக்கை மூணாவது பத்தியின்படி சான்று பெற்றவர்தான் கையெழுத்துப் போடணும்."

"சான்றிதழ் கட்டு எங்கே? முதலில் என்னுடையதைக் கொடுங்கள்."

"அதுலயும் சான்று பெற்ற ஒருத்தர் கையெழுத்துப் போடணும் மேடம். இங்க யாரும் இன்னும் சான்று பெறல."

"அப்படியானால் முதல் ஆள் எப்படித்தான் சான்று பெறுவது?"

"ஏழாவது பத்தி. முகாமில் உள்ள எல்லாரும் கை தூக்கி ஒருத்தரத் தலைவரா ஏத்துக்கிட்டா, அவரு சான்று பெற்றவராவே கருதப்படுவாரு. உங்களுக்காகத்தான் மேடம் அந்தப் பத்தியச் சேத்தோம், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்னு நிகழ்ச்சி நிரல்ல போட்டிருந்தோம்." செபாஸ்தியம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இப்ப அது பொன்னழகு சாருக்குப் போயிருச்சு. குறிப்புல ஏறிருச்சு. அழிக்கணும்னாலும் அவருதான் கையெழுத்துப் போடணும்."

இயக்குநர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். முகேஷ்குமார் தலைமைப் பண்பு இப்படித்தான் எதிர்பாராத இடத்தில் வெளிப்படும் என்று ஆரம்பித்து, யாரும் கவனிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

ஐந்து நிமிடத்தில் மேடையில் ஒரு மேசை வந்தது. மேசைமேல் நாற்பத்தொரு அலுவலர்களின் சான்றிதழ்கள், இயக்குநரின் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் மேலே பொன்னழகின் பணிநீக்க உத்தரவு. கழகத்திலேயே அவற்றில் கையெழுத்திடத் தகுதி படைத்த ஒரே மனிதர் கையில் செபாஸ்தியம்மாள் பேனாவைக் கொடுத்தார்.

இருபத்தாறு வருடமாகப் பொன்னழகு மேலே அனுப்பிய கோப்புகள் எல்லாம் எப்படித் திரும்பி வரும் என்பது அவருக்கு மனப்பாடம். பணிநீக்க உத்தரவை முழுசாகப் படித்தார். ஓரத்தில், அழுத்தமாக, 'ழ' கோணாமல் எழுதினார்:

'படித்தேன். இதில் கையெழுத்திடும் அளவுக்கு நான் இன்னும் என்னை அறியவில்லை. மேலும் அகநோக்குத் தேவைப்படுகிறது. முடிந்ததும் கோப்பை மீண்டும் சமர்ப்பிக்கவும்.'

அடுத்து ஜெரோமின் சான்றிதழைத் தேடி எடுத்தார். 'காயம் உண்மையானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஊர்களுக்கு மோட்டாரும் லாரியும் எழுதிவிட இனி ஜெரோம் ஒருவர் போதும்.

"மத்ததெல்லாம்?" என்றார் இயக்குநர். மூன்று நாளில் அவர் அடுத்தவரிடம் பதிலுக்காகக் காத்திருந்தது அப்போதுதான்.

"ஒவ்வொண்ணா நிதானமாப் பாக்கணும் மேடம். உங்களோடதுல குறை அளவுக்கு மீறிய உழைப்புன்னு இருக்கு. அதுக்கு ஓர் உதாரணம் சேத்து அனுப்புங்க" என்றார் பொன்னழகு. கேலி செய்யும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. சான்றிதழோடு இணைத்திருந்த படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஊரே ஈரமாக இருந்தது. கோவில் வாசலில் பொங்கல் பானைகள் வரிசை கட்டிக்கொண்டிருந்தன. பேச்சாயி பானையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"என்ன கொழுந்தனாரே, உண்மையான தலைவர் ஆயிட்டியா?"

"ஆயிட்டேன் மதினி. எங்க ஆபீசுலயே நான் ஒருத்தன்தேன்."

"வேலைய விட்டுத் தூக்குவாங்கன்னு மொக்கைச்சாமி அழுதுக்கிட்டுருந்தான்."

"தூக்கணும்னா நாந்தேன் தூக்கணும். எழுதி அனுப்பிருக்கேன், யோசிச்சுச் சொல்றேன்னு."

பேச்சாயிக்கு ஒன்றும் புரியவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள். மூன்று நாளைக்கு முன்பு போன அதே பொன்னழகாகத்தான் தெரிந்தார், கொஞ்சம் நிமிர்ந்து நின்றதைத் தவிர.

"சரி, தலைவரே. தெக்குத் தெருவுல குழாய் உடைஞ்சு தண்ணி ரோட்டுல ஓடுது. போயி வால்வை அடைச்சிட்டு வா, பொங்கல் பொங்குறதுக்குள்ள."

பொன்னழகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெற்குத் தெருவுக்கு நடந்தார். அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை.